மதிப்பீட்டு நாளில் வீட்டில் யார் இருக்க வேண்டும்

வீட்டுக் கடனுக்கோ வீட்டின் மேல் அடமானக் கடனுக்கோ விண்ணப்பம் போனதும், வங்கி தன் பட்டியலில் உள்ள மதிப்பீட்டாளர் ஒருவரை அந்த வீட்டைப் பார்த்துவர அனுப்பும். ஊரில் இவரை 'பேங்க் இன்ஜினியர்' என்பார்கள். ஆனால் அவர் வங்கி ஊழியர் அல்லர். பெரும்பாலும் கட்டடப் பொறியியல் படித்து, 1957ஆம் ஆண்டுச் செல்வ வரிச் சட்டத்தின் 34ஏபி பிரிவின்கீழ் பதிவு செய்துகொண்டு, தனியாகத் தொழில் நடத்துபவர். செல்வ வரியையே 2015ஆம் ஆண்டு பட்ஜெட்டில் எடுத்துவிட்டார்கள். அதன் பிறகும் மதிப்பீட்டாளர் பதிவுக்கு அந்தப் பிரிவு பயன்பட்டுவந்தது. அவர் வீட்டில் இருக்கும் நேரம் மிஞ்சிப்போனால் ஒரு மணி. அந்த ஒரு மணி நேரத்தில் பக்கத்தில் யார் நின்றார்கள், யார் பேசினார்கள் என்பதைப் பொறுத்து அறிக்கையில் பல விவரங்கள் சரியாகவோ தப்பாகவோ பதிவாகின்றன.

ஆள் இல்லாமலே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட முடியாது. பொதுத்துறை வங்கிகளின் அறிக்கைப் படிவம் அதற்கு இடம் கொடுப்பதில்லை. சொத்து பின்னால் தெரியும்படி உரிமையாளரையோ அவருடைய பிரதிநிதியையோ நிற்கவைத்து எடுத்த புகைப்படம் அறிக்கையோடு இருக்க வேண்டும். வீடு இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் காட்டும் கைபேசித் திரைப்பிடிப்பும் சேர வேண்டும். எந்தத் தேதியில் நேரில் பார்த்தார் என்று மதிப்பீட்டாளர் உறுதிமொழியும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஆகவே உரிமையாளர் அல்லது அவர் சொல்லி அனுப்பிய ஒருவர் இருந்தே ஆக வேண்டும். இரண்டில் எது நல்லது என்பது வீட்டைப் பொறுத்தது.

அடுக்குமாடிக் குடியிருப்பில் சாவியோடு ஒருவர் இருந்தால் போதும். கதவு எண், மாடி எண், விற்பனைப் பத்திரத்தில் உள்ள சதுர அடி எல்லாம் ஒன்றோடு ஒன்று பொருந்திவிடும். திண்டிவனம்–புதுச்சேரி சாலையில் உள்ள கிளியனூர் போன்ற ஊரில் கதை வேறு. அங்கே மதிப்பீட்டாளரின் முதல் தலைவலி, பத்திரத்தில் உள்ள மனையும் கண்ணெதிரே நிற்கும் வீடும் ஒன்றுதானா என்பதே. சாலையை ஒட்டிய மனைக்கும் நத்தம் தெருவுக்குள் உள்ள மனைக்கும் விலையில் பெரிய வித்தியாசம் உண்டு. பத்திரமோ சர்வே எண்ணையும் நான்கு எல்லைகளையும்தான் சொல்லும்.

அந்தச் சக்குபந்தியை எடுத்துப் பார்த்தால் சிக்கல் விளங்கும். 'இன்னார் மனைக்குக் கிழக்கு, இன்னார் வீட்டுக்கு வடக்கு, தெருவுக்கு மேற்கு' என்று எழுதியிருக்கும். அந்த இன்னார்கள் தாய்ப்பத்திரம் எழுதிய காலத்து ஆட்கள். ஒருவர் இறந்து பேரப்பிள்ளைகள் மனையைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். இன்னொருவர் விற்றுவிட்டுப் புதுச்சேரிக்குக் குடிபோயிருப்பார். அடுத்தடுத்த பத்திரங்களை எழுதியவர்கள் பழைய எல்லையை அப்படியே பார்த்து எழுதிவிடுவதால், இன்றைய பக்கத்து வீட்டுக்காரர் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது. மதிப்பீட்டுப் படிவத்தில் எல்லைகளுக்கு இரண்டு கட்டங்கள் உண்டு: பத்திரப்படி ஒன்று, நேரில் கண்டபடி ஒன்று. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் வங்கி வழக்கறிஞர் கேள்வி எழுப்புவார். கோப்பு அங்கேயே நின்றுவிடும்.

அதனால் இந்தப் பகுதியில் மதிப்பீட்டு நாளன்று முதலில் தேவைப்படுபவர், பத்திரத்தில் உள்ள பெயர் இன்று யாரிடம் வந்து நிற்கிறது என்று சொல்லத் தெரிந்தவர். அது உரிமையாளராகவே இருந்தால் நல்லது. சென்னையிலோ வளைகுடாவிலோ வேலை பார்க்கும் மகன் பெயரில் மனை இருந்தால், அவனைவிட ஊரிலேயே இருக்கும் தகப்பனாரோ பெரியப்பாவோ இந்த வேலைக்குப் பொருத்தம். 'இது முன்னே அவங்க தாத்தா மனை, இப்போ மூத்த பேரன் இருக்கான்' என்று அவர் சொல்லும் ஒரு வரியை வைத்து மதிப்பீட்டாளர் இரண்டு கட்டங்களையும் பொருத்திவிடுவார். புலப்பட வரைபடத்தில் உள்ள எல்லைக் கல் தரையில் எங்கே புதைந்திருக்கிறது என்று காட்டுவதும் பெரும்பாலும் இந்தப் பெரியவர்தான்.

திண்டிவனம்–புதுச்சேரி சாலையை நான்கு வழியாக அகலப்படுத்தியபோது முன்பக்கம் கொஞ்சம் கொடுத்த மனைகளில் இன்னொரு விவரமும் தேவை. பத்திரத்தில் பழைய அளவு இருக்கும்; தரையில் குறைந்திருக்கும். எவ்வளவு போனது, அதற்கான உத்தரவு எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர் பக்கத்தில் இல்லாவிட்டால், டேப் பிடித்த மதிப்பீட்டாளருக்கு அது ஆக்கிரமிப்புப் போலத் தெரியும். சாலையோர மனையில் ஒரு சென்ட் குறைந்தாலும் 435.6 சதுர அடி போகிறது. மதிப்பில் அது சின்ன விஷயம் இல்லை.

கூட்டு உரிமை இருந்தால் எல்லோரும் வர வேண்டுமா என்ற கேள்வி அடிக்கடி எழும். வங்கி மதிப்பீட்டுக்கு வேண்டியதில்லை. படிவத்தில் எல்லா உரிமையாளர் பெயரும், ஒவ்வொருவர் பங்கும் எழுதப்படும். அதற்குப் பத்திரமும் பட்டாவும் போதும். ஒருவர் வந்து நின்றால் சரி. ஆனால் மற்றவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். தகப்பனார் இறந்தபின் பாகம் பிரிக்காத வீட்டில் அண்ணன் மட்டும் நின்று படம் எடுத்துக்கொள்வதும், அன்று மாலையே தங்கை வங்கி மேலாளருக்குப் போன் செய்வதும் நடக்காத கதை இல்லை. இந்து குடும்பங்களின் பூர்விகச் சொத்தில் மகளுக்கும் பங்கு உண்டு என்று தமிழ்நாடு 1989ஆம் ஆண்டு திருத்தத்திலேயே சட்டமாக்கிவிட்டது. மத்தியச் சட்டத்தில் அது 2005இல் வந்தது. மதிப்பீட்டாளர் இதற்குத் தீர்ப்புச் சொல்ல மாட்டார். ஆனாலும் பார்வையிடும்போது தகராறு கண்ணில் பட்டால் அதை அறிக்கையில் குறித்துவிடுவார்.

உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தால் வீட்டைக் காட்டுவதற்கு மட்டும் பவர் பத்திரம் தேவையில்லை. யார் வந்து நிற்பார் என்று உரிமையாளர் வங்கிக்கு ஒரு கடிதமோ மின்னஞ்சலோ அனுப்பிவிட்டு, அந்த ஆள் அடையாள அட்டையோடு நின்றால் பொதுவாகப் போதும். கடன் ஆவணங்களில் கையெழுத்திடத்தான் பவர் வேண்டும். அதை வெளிநாட்டில் எழுதினால் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி, இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு, பவர் வரட்டும் என்று மதிப்பீட்டை மாதக்கணக்கில் தள்ளிப்போடுபவர்கள் உண்டு.

வீட்டை விலைக்கு வாங்கும் கடனில் காட்டுபவர் விற்பவர். கடன் கேட்பவர் வாங்குபவர். சாவி விற்பவரிடம் இருப்பதால் அவர் இருந்துதான் ஆக வேண்டும். வாங்குபவரும் வருவது நல்லது. விலை பேசுவதற்காக இல்லை, தான் பணம் கொடுக்கப்போகும் வீட்டை ஒரு பொறியாளர் எங்கெங்கே நின்று பார்க்கிறார் என்று தெரிந்துகொள்வதற்காக. மதிப்பீட்டாளர் சன்ஷேடின் அடியை அண்ணாந்து பார்த்தால் வாங்குபவரும் அங்கே பார்க்க வேண்டும். மற்றபடி இது முழுமையான கட்டடப் பரிசோதனை இல்லை. மின்கம்பி, குழாய், அஸ்திவாரம் எல்லாவற்றையும் சோதித்துச் சொல்லும் பொறுப்பு அவருக்குக் கிடையாது. அது தேவையானால் வாங்குபவர் தம் செலவில் வேறொரு பொறியாளரை வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, கட்டடத்தைப் பற்றிப் பதில் சொல்லும் ஆள். இங்கே பலர் அசட்டையாக இருந்து பணத்தை இழக்கிறார்கள். கான்கிரீட் தளம் போட்ட வீட்டுக்கு 60 ஆண்டு ஆயுள் என்று வைத்து, பத்து விழுக்காட்டைக் கழிவு மதிப்பாக ஒதுக்கி, மீதி 90 விழுக்காட்டை ஆண்டுவாரியாகத் தேய்மானம் கழிப்பது பரவலான முறை. கணக்குக்காக 800 சதுர அடி வீடு, சதுர அடிக்கு 1,800 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் புதிதாகக் கட்ட 14,40,000 ரூபாய். வீடு கட்டி 12 ஆண்டு என்றால் தேய்மானம் 18 விழுக்காடு. கட்டட மதிப்பு 11,80,800. வீட்டில் அன்று இருந்த மருமகப்பிள்ளை யோசிக்காமல் 'இருபது வருஷம் இருக்கும் சார்' என்று சொல்லிவிட்டால் தேய்மானம் 30 விழுக்காடு, மதிப்பு 10,08,000. ஒரு வாய்ச்சொல்லில் 1,72,800 ரூபாய் போய்விட்டது. வீட்டு வரி முதலில் விதித்த ஆண்டும் மின் இணைப்பு வாங்கிய ஆண்டும் தெரிந்தவர் பதில் சொல்ல வேண்டும். அந்தத் தாள்கள் கையில் இருந்தால் வாய்ச்சொல்லே தேவைப்படாது. முதலில் ஓட்டு வீடு, பிறகு முன்பக்கம் தளம், அப்புறம் மாடியில் ஓர் அறை என்று மூன்று தடவையாகக் கட்டியிருந்தால் மூன்று ஆண்டுகளையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மதிப்பீட்டாளர் வீடு முழுவதையும் பழைய பகுதியின் வயதில் சேர்த்துவிடக்கூடும்.

மரக்காணத்து உப்பளங்களை நோக்கிக் கிழக்கே போகப்போக இன்னொரு கேள்வி வரும்: கலவைக்கு எந்தத் தண்ணீர் ஊற்றினார்கள்? கம்பி கட்டிய கான்கிரீட்டுக்குக் கலக்கும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று இந்தியத் தர நிர்ணயம் 456 சொல்கிறது. கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு 2,000 வரை விடுகிறது. உப்புத் தண்ணீரில் கட்டிய வீட்டில் சில ஆண்டுகளிலேயே கம்பி துருப்பிடித்துப் பருத்து, மேல்பூச்சைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். லிண்டலிலும் சன்ஷேடிலும் தண்ணீர்த்தொட்டிக்குக் கீழேயும் அது முதலில் தெரியும். சுவரின் அடியில் வெள்ளையாகப் பூத்திருப்பதும், இடுப்பளவு உயரத்துக்குப் பூச்சு உதிர்வதும் மதிப்பீட்டாளர் கண்ணுக்குத் தப்பாது. அந்த இடத்தில் வீட்டைக் கட்டிய மேஸ்திரி பக்கத்தில் இருந்தால், லாரியில் நல்ல தண்ணீர் வாங்கி ஊற்றியதா, கிணற்று நீரா, பழுது எப்போது பார்த்தது என்று ஒழுங்காகச் சொல்ல முடியும். குறிப்பாகத் தவணை தவணையாகக் கடன் வாங்கிக் கட்டும் வீட்டில் மேஸ்திரியோ பொறியாளரோ இருப்பது அவசியம். அஸ்திவாரம், லிண்டல் மட்டம், தளம் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆள் வந்து பார்த்த பிறகே அடுத்த தவணை விடுபடும்.

வெள்ளத்தைப் பற்றியும் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: அடிக்கடி நீர் சூழும் இடமா? 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மதிப்பீட்டாளர்கள் அதை மறந்திருக்க மாட்டார்கள். அன்று அந்த வீட்டில் இருந்தவரே இதற்குப் பதில் சொல்வது நல்லது. வாசல்படி வரை வந்து மறுநாள் வடிந்துவிட்டது என்றால் அப்படியே சொல்லிவிடலாம். தண்ணீரே வரவில்லை என்று சாதித்தால், எதிர்வீட்டுச் சுவரில் நிற்கும் கறை பொய்யாக்கிவிடும். அதன்பின் சொல்லும் உண்மைக்கும் மதிப்பு இருக்காது. கழுவேலியை ஒட்டிய கிராமங்களில் இந்தக் கேள்வி இன்னும் அழுத்தமாகவே வரும். 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட நீர்நிலை அது.

வாடகைக்கு விட்டிருந்தால் குடியிருப்பவருக்குக் குறைந்தது ஒரு நாள் முன்பே சொல்லிவிட வேண்டும். எத்தனை ஆண்டாக இருக்கிறார், மாத வாடகை எவ்வளவு என்பது படிவத்தில் உள்ள கேள்விகள். உரிமையாளர் ஒரு தொகையும் குடியிருப்பவர் ஒரு தொகையும் சொன்னால் மதிப்பீட்டாளர் கொஞ்ச நேரம் பேனாவை எடுக்காமல் நிற்பார். பூட்டிய அறை இருந்தாலும் அதே கதைதான். திறக்காத அறையைத் திறக்கவில்லை என்றே எழுதுவார். பகலில் பெண்கள் மட்டும் இருக்கும் வீடாக இருந்தால், பக்கத்து வீட்டு அக்காவையோ உறவுக்காரர் ஒருவரையோ துணைக்கு வைத்துக்கொண்டு, வருபவரின் பெயரையும் கைபேசி எண்ணையும் வங்கிக் கிளையில் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம். யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இனி, இருக்கக் கூடாதவர்கள். முதல் ஆள் புரோக்கர். கமிஷன் விலையின் மேல் கிடைப்பதால் அவர் வாயிலிருந்து வரும் எண்ணுக்கு மதிப்பீட்டாளர் மதிப்புக் கொடுக்க மாட்டார்; மேலும், சாலையின் புதுச்சேரிப் பக்கத்தில் என்ன விலை போகிறது என்று, இந்த மனைக்குப் பொருந்தாத கணக்கைப் புரோக்கர் ஆரம்பித்தால் வேலை கெடும். அக்கம்பக்கத்தில் அண்மையில் நடந்த கிரயங்களின் விவரம் கையில் இருந்தால் தாளாகக் கொடுத்துவிடலாம். பார்த்துவிட்டு எடுத்துக்கொள்வதும் விடுவதும் மதிப்பீட்டாளர் இஷ்டம். எவ்வளவு போடுவீர்கள் என்று கேட்பதோ, இவ்வளவு வந்தால்தான் கடன் போதும் என்று சொல்வதோ கூடாது. அமெரிக்காவில் 2008ஆம் ஆண்டு வீட்டுக்கடன் நெருக்கடிக்குப் பின், கடன் விற்பவர்கள் மதிப்பீட்டாளரை நெருக்காமல் இருக்க 2009 மே மாதத்திலிருந்து தனி நடத்தை விதியே போட்டார்கள். அங்கே வாங்குபவர் மதிப்பீட்டு நேரத்தில் பொதுவாக வருவதே இல்லை. இங்கே வந்து நிற்பது வழக்கம் என்றாலும் தொகையைப் பற்றிய பேச்சு இங்கும் ஒதுக்க வேண்டியதே.

ஊர்க்கூட்டமும் வேண்டாம். டேப்பையும் கேமராவையும் பார்த்ததும் தெருவில் நாலு பேர் கூடுவது இயல்பு. சர்வேயர் வந்து அளக்கிறார் என்று பேச்சுப் பரவும். எல்லைத் தகராறு உள்ள பக்கத்து வீட்டுக்காரர் அந்த நேரம் பார்த்து வேலியோரம் வந்து நின்றால் நிலைமை சூடாகும். தகராறு இருந்தால் அளவைக்கு முன்பே விண்ணப்பித்து, அரசு நில அளவர் வந்து அத்துக் காட்டிய பிறகு மதிப்பீட்டுக்கு அழைப்பதே சரி. இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளக் கூடாது. கிராம நிர்வாக அலுவலரோ தலையாரியோ வங்கி மதிப்பீட்டுக்கு வர வேண்டிய கட்டாயம் இல்லை. வங்கி அதிகாரி தனியாக வேறொரு நாள் வந்து பார்ப்பார். மதிப்பீட்டாளரோடு சேர்ந்து வரவில்லையே என்று சந்தேகப்படத் தேவையில்லை.

காட்டுபவர் கையில் இருக்க வேண்டியவை: கிரயப் பத்திரத்தின் நகல், பட்டா, புலப்பட வரைபடம், கட்டட அனுமதியும் வரைபடமும், கடைசியாகக் கட்டிய வீட்டு வரி ரசீது, மின் கட்டண ரசீது. வில்லங்கச் சான்றும் மூலப்பத்திரங்களும் வழக்கறிஞருக்கு உரியவை. மதிப்பீட்டாளர் கேட்டால் காட்டலாம். அசலை அவரிடம் கொடுத்து அனுப்ப வேண்டாம். அனுமதி வரைபடத்தில் இல்லாத அறை ஒன்றைக் கட்டியிருந்தால் அதை மறைக்கப் பார்ப்பதைவிடத் தானே சொல்லிவிடுவது மேல். வரைபடத்தோடு ஒப்பிட்டு அளப்பதுதான் அவருடைய வேலை.

வங்கி வேலை தவிர்த்த மதிப்பீடுகளில் ஆள் கணக்கு மாறும். பாகப்பிரிவினைக்காக மதிப்புப் போடும்போது பங்காளிகள் அனைவரும், பெண்பிள்ளைகள் உட்பட, வர வேண்டும். வர முடியாதவர் தம் ஆளையாவது அனுப்ப வேண்டும். யாரை மதிப்பீட்டாளராக வைப்பது என்பதையே எல்லோரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டால், பிறகு 'அண்ணன் ஆள் போட்ட கணக்கு' என்ற பேச்சு எழாது. பத்திரப்பதிவில் மதிப்புக் குறைவாகக் காட்டியதாகக் கருதி முத்திரைச் சட்டத்தின் 47ஏ பிரிவில் அனுப்பப்பட்ட சொத்தை, 1968ஆம் ஆண்டு தமிழ்நாட்டு விதிகளின்படி உரியவர்களுக்கு அறிவிப்புக் கொடுத்துவிட்டு அதிகாரி பார்வையிடலாம். அன்று வாங்கியவர் கட்டாயம் இருந்து, பள்ளமான மனை, வண்டி நுழையாத சந்து, உப்பேறிய கிணறு என்று மதிப்பைக் குறைக்கும் காரணங்களை நேரில் காட்ட வேண்டும். வங்கிக்காரரிடம் மறைக்கத் தோன்றிய குறைகள் எல்லாம் இங்கே வாதமாகிவிடும். நீதிமன்றம் நியமிக்கும் வழக்கறிஞர் ஆணையர் வரும்போது வாதி, பிரதிவாதி இரு தரப்புக்கும் தகவல் போகும். வழக்கறிஞரோடு போவதே வழக்கம். ஒரு தரப்பு வராமல் இருந்தாலும் ஆணையர் வேலையை நடத்தி முடிக்கலாம்.

குறித்த நாளில் யாராலும் வர முடியவில்லை என்றால் முதல் நாளே போன் செய்து தேதியை மாற்றிக்கொள்ள வேண்டும். பூட்டிய வீட்டு வாசலில் நின்று வெளிப்படம் மட்டும் எடுத்துக்கொண்டு போனவர் மறுபடி வரக் கட்டணம் கேட்கலாம். கிளைக்குக் கிளை நடைமுறை வேறுபடுவதால், அந்தத் தொகையை யார் கட்டுவது என்பதை விண்ணப்பம் கொடுக்கும்போதே கேட்டுவைத்துக்கொள்ளலாம். அறிக்கை வந்தபின் சதுர அடியோ எல்லையோ கட்டட வயதோ தவறாக இருப்பது தெரிந்தால், காட்டியவர் பெயரையும் தேதியையும் குறிப்பிட்டு, உரிய தாளை இணைத்துக் கிளைக்கே எழுத வேண்டும். மதிப்பீட்டாளரை நேரே தேடிப் போக வேண்டியதில்லை.